எழுவர் என்னும் தொகை: கம்பனில் போர்த்துணையும் உறவுமொழியும்

போர்க்காலத்தில் வேறுவேறு இனத்தார் ஒன்றுசேர்வதைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. ஆனால் அவற்றுள் எதுவும் மொழிபெயர்ப்பாளனுக்கு எளிதில் கைகொடுப்பதில்லை. வள்ளுவரின் ‘துணைவலி’ அரசன் எடைபோட்டுப் பார்க்கும் ஒரு வலிமை. இரண்டாம் உலகப்போர்க் காலத்து இதழ்கள் வழங்கிய ‘நேச நாடுகள்’ என்னும் தொடரில் நேசம் இருந்ததே தவிர, அந்நாடுகளுக்கிடையில் அது நெடுநாள் நீடிக்கவில்லை. ‘கூட்டணி’யையோ தேர்தல் அரசியல் தனதாக்கிக்கொண்டுவிட்டது. மனிதரும் குள்ளரும் வனதேவரும் இணைந்து இருளரசனை எதிர்க்கும் ஆங்கில மிகைக்கற்பனைக் கதையொன்றைத் தமிழாக்குபவர் ‘கூட்டணி’ என்று எழுதினால், வாசகரின் உள்ளத்தில் தொகுதிப் பங்கீடுதான் முதலில் தோன்றும்.

இச்சிக்கலைக் கம்பன் வேறுவகையில் தீர்த்திருக்கிறான். மனிதர், குரங்கினத்தார், கரடியினத்தார், அரக்கர் குலத்திலிருந்து பிரிந்து வந்தோர் ஆகியோர் ஒரே படையில் நிற்கும் இராமகாதையைக் காட்டிலும் பெரிய இனக்கலப்புப் போர்ச்சேர்க்கை இந்திய இலக்கியத்தில் அரிது. அச்சேர்க்கைக்குக் கம்பன் பெயரிட முயலவில்லை, எண்ணிக் காட்டுகிறான். யுத்தகாண்டத்து வீடணன் அடைக்கலப் படலத்தில் இராமன் கூறும் கணக்கு தமிழர் நன்கறிந்தது: குகனைச் சேர்த்துத் தாம் ஐவர், சுக்கிரீவனைச் சேர்த்து அறுவர், வீடணனைச் சேர்த்து எழுவர். மேடைப்பேச்சுகளில் ஒருமைப்பாட்டுக்கு எடுத்துக்காட்டாகப் பலகாலும் ஆளப்பட்டுத் தேய்ந்துபோன செய்யுள் இது. எனினும் அதன் இலக்கண அமைதி இன்னும் போதிய அளவு நோக்கப்படவில்லை என்றே சொல்லவேண்டும்.

முதலாவது, எண்ணுப்பெயர். ‘ஆறு’, ‘ஏழு’ என்பன எத்திணைக்கும் பொது. ‘அறுவர்’, ‘எழுவர்’ என்பன உயர்திணைக்கே உரியவை. மக்கள், தேவர், நரகர் ஆகியோரையே நன்னூல் உயர்திணை என்று வகுக்கும். அவ்வகுப்பில் குரங்குக்கு இடமில்லை. காப்பியம் முழுவதும் வானரர் உயர்திணை முடிபே பெறுகின்றனர் என்பது உண்மை; ஆயினும் தசரதன் மக்களோடு ஒரே எண்ணுப்பெயருக்குள் வானர அரசன் நிறுத்தப்படும்போது அவ்வழக்கு ஓர் ஒப்பந்தத்தின் வலிமையைப் பெறுகிறது. மேலும், சுக்கிரீவன் இங்குத் தன் பெயராலோ இனத்தாலோ சுட்டப்படாமல், மலையைச் சுற்றிவரும் கதிரவனின் மகன் என்றே சுட்டப்படுகிறான். வாசகருக்கு உதவுவதாக எண்ணி மொழிபெயர்ப்பாளர் ‘சுக்கிரீவன்’ என்று பெயரை இட்டுவிட்டால், கவிஞன் கருதி மறைத்ததை அவர் வெளிப்படுத்தியவராவார்.

இரண்டாவது, ‘ஒடு’ உருபு. ஒருவினை கொண்ட இருவருள் உயர்ந்தவரைக் குறிக்கும் பெயரையே ஒடு சார்ந்து வரும் என்பது தொல்காப்பிய விதி. அரசனொடு வீரர் வந்தனர் என்பதே அதன்படி முறை. வழக்கில் இவ்விதி எப்போதும் நிற்பதில்லை. ஆனால் குகன், கதிரவன் மகன், வீடணன் ஆகிய மூவர்க்கும் அவ்வுருபு தவறாமல் அமைந்திருப்பது நோக்கத்தக்கது. அடைக்கலம் புகுந்தவனே தொடரில் உயர்ந்த இடத்தைப் பெறுகிறான்.

மூன்றாவது, வினைமுற்று. அம், ஆம் ஈறுகள் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் ஈறுகள் படர்க்கையாரையும் தன்னொடு படுக்கும் என்பது நன்னூல். இச்செய்யுளின் வினைமுற்று ஏகார ஈற்றோடும் ஓகார ஈற்றோடும் வழங்குகிறது. எதைக் கொண்டாலும் அது கேட்போனை உள்ளடக்கும் ஈறன்று. குகனும் சுக்கிரீவனும் படர்க்கையாராதலின் அவர்க்கு அது பொருந்தும். எதிரே நிற்கும் வீடணனை உள்ளே கொணர்வது ஈறன்று, ‘நின்னொடும்’ என்னும் வெளிப்படையான சொல்லே. வேலியைத் திறந்து வைக்காமல் பெயர் சொல்லி அழைத்துக்கொள்வது போன்றது இது. ஆங்கிலத் தன்மைப் பன்மைக்கும் இந்தியின் ‘ஹம்’ என்பதற்கும் இவ்வேறுபாடே இல்லை. தெலுங்கு, மலையாளம், மராத்தி, குசராத்தி ஆகியவற்றில் மொழிபெயர்ப்போர்க்கு அது கிட்டும்.

இத்தனைக்கும் முடியாக ‘நுந்தை’ என்னும் சொல் வருகிறது. தசரதனை ‘என் தந்தை’ என்றோ ‘நம் தந்தை’ என்றோ கூறாமல், அரக்கர்குலத் தோன்றலிடம் ‘உன் தந்தை’ என்கிறான் இராமன். மொழிபெயர்ப்பில் கைதவற விடக்கூடாத சொல் ஒன்று உண்டெனில் அது இதுவே.

இச்செய்யுளை அதன் சூழலிலிருந்து பிரித்துப் படிப்பதால் நேரும் இழப்பு பெரிது. இலங்கைச் செல்வம் வீடணனுக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது. அவன் அதற்குமேல் ஒன்று கேட்கிறான்: இராவணனுக்குப் பின் பிறந்த கடன் தீரும்படி, பரதனுக்குச் சூட்டிய முடியையே, அதாவது பாதுகையையே, தனக்கும் சூட்டவேண்டும் என்கிறான். அதற்கு விடையாகவே உடன்பிறப்புக் கணக்கு வருகிறது. ஓர் உறவை அறுத்துவிட்டு வந்தவனுக்கு வேறோர் உறவு தரப்படுகிறது. வான்மீகத்திலும் துளசிதாசரிடத்திலும் இவ்விடத்தில் கடல்நீரால் அரசுரிமை வழங்கப்படுகிறது. கம்பன் அரசுரிமையை இரண்டாமிடத்திற்குத் தள்ளிவிடுகிறான்.

கிட்கிந்தா காண்டத்து நட்புக் கோட் படலமும் ஒப்புநோக்கற்குரியது. வான்மீகத்தில் அனுமன் அரணிக்கட்டை கடைந்து மூட்டிய தீயை இராமனும் சுக்கிரீவனும் வலம்வந்து நட்புக் கொள்கின்றனர். கம்பனிலோ சடங்கைவிட வாக்கே முன்நிற்கிறது. உன்னைப் பகைத்தவர் என் பகைவர்; உன்னைச் சார்ந்தோர் தீயரே ஆயினும் என்னைச் சார்ந்தோர் என்பது அவ்வாக்கின் கருத்து. இதில் ஓர் இடர் மறைந்திருக்கிறது. சுக்கிரீவனைப் பகைத்தவனும் அவனுக்கு மிக நெருங்கிய உறவினனும் வாலி ஒருவனே. வாக்கின் முதற்பகுதி அவனைக் கொல்லச் சொல்கிறது. அடுத்த பகுதி அவனையும் சுற்றமாக ஏற்கச் சொல்கிறது. வாலிவதை குறித்து நூற்றாண்டுகளாக நடந்துவரும் வழக்கு இந்த வாக்கிலேயே தொடங்கிவிடுகிறது எனலாம். இவ்வாறே வீடணனின் உறவைக் கொண்டு கணக்கைத் தொடர்ந்தால் இராவணனும் தமையனாக வேண்டிவரும்; கவிஞன் அவ்வளவு தூரம் எண்ணுவதில்லை.

எண்ணப்படாதவர்களும் உள்ளனர். குகன், சுக்கிரீவன், வீடணன் மூவரும் தலைவர்கள். சாம்பவன் எண்ணில் இல்லை, அனுமனும் இல்லை. எழுபது வெள்ளம் சேனை தன் உயிரைக் கொடுத்தது, உறவைப் பெறவில்லை. ஒருமைப்பாட்டுச் சொற்பொழிவாளர்கள் இதை ஒருபோதும் குறிப்பிடாதது வியப்பன்று.

வீடணனுக்கு உலகவழக்கு தந்த பெயர் காப்பியம் தந்ததினின்றும் வேறுபட்டது. தில்லியில் யமுனைக்குக் கிழக்கேயுள்ள மயூர் விஹார் போன்ற பகுதிகளில் வளரும் தமிழ்ச் சிறுவர் இக்கதையை ராம்லீலா வழியாக இந்தியிலும், வீட்டுப் பெரியோர் வழியாகத் தமிழிலும் கேட்கின்றனர். துளசிதாசரின் இராமன் வீடணனை ‘லங்கேசா’ என விளிக்கிறான். அது ஒரு பதவிப்பெயர், உறவுப்பெயரன்று. விசயதசமியன்று இராவணன், கும்பகருணன், மேகநாதன் ஆகியோரின் உருவங்களே எரிக்கப்படுகின்றன. வீடணன் தப்பிவிடுகிறான், ஆனால் வீட்டு மறைவறிந்தவனே இலங்கையை வீழ்த்துவான் என்னும் இந்திப் பழமொழியிலிருந்து அவனால் தப்ப முடிவதில்லை. தமிழிலும் திராவிட இயக்க மேடைகளில் அவன் பெயர் காட்டிக்கொடுப்போர்க்கு ஆகிவந்தது. 1946-இல் வெளிவந்த புலவர் குழந்தையின் இராவண காவியம் அந்நோக்குக்குக் காப்பிய வடிவே தந்தது. இரு மொழிகளிலும் ‘துரோகி’ எனக் கேட்டு வளர்ந்த வாசகர்க்குக் கம்பனின் ‘எழுவர்’ விளங்கவேண்டுமாயின், மொழிபெயர்ப்பாளர் அவன் கேட்ட பாதுகையிலிருந்தே தொடங்கவேண்டும். கம்பனை மேலைக்காப்பியங்களோடு ஒப்பிட்டு வ.வே.சு. ஐயர் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வைத் தில்லித் தமிழ்ச் சங்கம் 1950-இல் வெளியிட்டது. பிறமொழியாளர்க்குக் கம்பனை உணர்த்தும் பணி அந்நகருக்குப் புதிதன்று.

இனி மறுதிசை. தம் நூலில் வரும் பெயர்களை எவ்வாறு பெயர்ப்பது என்று டோல்கியன் மொழிபெயர்ப்பாளர்க்கெனத் தனிக்குறிப்பே எழுதினார். சுவீடிய, டச்சு மொழிபெயர்ப்புகள் அவருக்கு அளித்த மனக்குறையே அதற்குத் தூண்டுதல். ஆனால் பெயர்களைவிடக் கடினமானது தமிழ் வினைமுற்று. பேசும் மரங்கள் போருக்கு ‘வந்தனவா’, ‘வந்தனரா’? பகைவனின் ஏவலரான கோரவுருவினர் ‘ஓடினரா’, ‘ஓடினவா’? ஆங்கிலம் இரண்டிற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தீர்ப்புக் கூறாமல் நழுவிவிடலாம். தமிழ் ஒவ்வொரு தொடரிலும் தீர்ப்புக் கூறியே ஆகவேண்டும். தோழமைப் படையினர்க்கு ‘அர்’ ஈறும் பகைவர்க்கு ‘அ’ ஈறும் கொடுத்துவிடத் தோன்றுவது இயல்பே. கம்பன் அப்படிச் செய்யவில்லை. அவனுடைய அரக்கரும் ‘வந்தனர்’, ‘மடிந்தனர்’ என்றே முடிபு கொள்கின்றனர்.