ஷார்ட் கேம் கணக்கில் ஓர் ஓட்டை

கோல்ஃபில் ஸ்கோர் குறைய என்ன வழி என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கிரீனைச் சுற்றி ஆடுவதை முதல்ல சரி பண்ணுங்க." இந்த அறிவுரைக்கு எண்களின் பலம் கொடுத்தவர் டேவ் பெல்ஸ். நாசாவில் வேலை பார்த்த இயற்பியல்காரர். 1999-ல் வந்த 'ஷார்ட் கேம் பைபிள்' அவருடைய முக்கியமான புத்தகம். ஆடும் ஷாட்களில் 60 சதவீதத்துக்கும் மேல் குழியிலிருந்து 100 கெஜத்துக்குள்தான். ஆகவே பயிற்சியும் அங்கேதான் வேண்டும் என்பது அவர் வாதம்.

சரியாகத்தானே தெரிகிறது? எனக்கு இங்கேதான் உறுத்தல். அந்த எண்ணிக்கையில் அரை அடி பட்டும் சேர்ந்திருக்கிறது. அதை யாரும் தவறவிடுவதில்லை. எங்கள் தொழிலில் சொல்வதானால், அதிகத் தடவை ஓடும் ஃபங்ஷன்தான் நிரலை மெதுவாக்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யக்கூடாது. நேரம் எங்கே போகிறது என்று அளக்க வேண்டும்.

அளந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி. 2014-ல் வந்த அவருடைய 'எவ்ரி ஷாட் கவுண்ட்ஸ்' எண்ணிக்கையை விட்டுவிட்டு வித்தியாசத்தைப் பார்க்கிறது. உதாரணமாக, பிஜிஏ டூர் வீரருக்கு ஃபேர்வேயில் 20 கெஜத்திலிருந்து குழியில் போட சராசரியாக 2.4 ஷாட் ஆகும். கிரீனில் 8 அடியிலிருந்து 1.5. ஆக, சிப் பண்ணி 8 அடியில் நிறுத்தினால் 0.1 நஷ்டம். 3 அடியில் நிறுத்தினால் கிட்டத்தட்ட 0.36 லாபம். இப்படி எல்லா ஷாட்டையும் கூட்டிப் பார்த்தால், முன்னணி வீரர்களுக்கும் சராசரி வீரர்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு 100 கெஜத்துக்கு வெளியே வருகிறது.

அப்படின்னா பெல்ஸைத் தூக்கிப் போட்டுவிடலாமா? அவசரப்பட வேண்டாம். பிராடி காட்டுவது இடைவெளி எங்கே இருக்கிறது என்பதை. அதை அடைக்க எவ்வளவு செலவாகும் என்பது வேறு கேள்வி. டிரைவரில் 20 கெஜம் கூட்ட உடம்பில் வேகம் வேண்டும். நாற்பது தாண்டியவருக்கு அது லேசில் வராது. சிப் பண்ண பலம் வேண்டாம்.

அங்கேதான் பெல்ஸின் முறை உதவுகிறது. இடது கையைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டு 7:30, 9:00, 10:30 என்று மூன்று வீச்சுகள், நான்கு வெட்ஜ்கள். மொத்தம் 12 தூரங்கள் கையில். வாதம் ஓட்டை, கருவி உறுதி.

வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 கெஜத்தில் பத்துப் பந்து போட்டு, எத்தனை 8 அடிக்குள் நிற்கிறது என்று எழுதி வையுங்கள். பாதி கூடத் தேறவில்லை என்றால் டிரைவர் கொஞ்ச நாள் பையிலேயே இருக்கட்டும். பெரும்பாலும் உள்ளே நின்றால், "ஷார்ட் கேம்தான் எல்லாம்" என்கிற அறிவுரை உங்களுக்கானது இல்லை.