50 வாட்ஸ் எங்கே இருக்கு?

காரோடு வந்த ஸ்டீரியோவைக் கழட்டிட்டு வேற மாட்டுறவங்க முதல்ல பார்ப்பது, பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் “4 சேனல், தலா 50 வாட்ஸ்”. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி ஓடும்போது மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம். இதில் சுத்தமான ஒலியாக ஒரு ஸ்பீக்கருக்குக் கிடைப்பது அதிகபட்சம் 26 வாட்ஸ்தான். நடைமுறையில் இன்னும் குறைவு. அப்போ அந்த 50? ஒலியலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுச் சதுரமாகும்வரை வால்யூமை ஏற்றினால் வரும் கணக்கு அது. காதுக்கு வெறும் கரகரப்பு.

கழட்டிப் போட்ட ஸ்டீரியோவுக்கும் அதே பேட்டரிதானே! ப்ளூடூத், பெரிய திரை வேணும்னா தாராளமா மாத்துங்க. சத்தம்தான் குறைன்னா, காசை நல்ல ஸ்பீக்கருக்கும், வோல்ட்டைத் தானே உயர்த்திக்கொள்ளும் தனி ஆம்ப்ளிஃபயருக்கும் போடுங்க. எதை வாங்கினாலும், ‘ஆர்எம்எஸ்’ என்று பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைத் தேடிப் படியுங்கள்.