வால்வுக்கு ஏற்ற இடம்

பழைய வால்வு ரேடியோவைப் போட்டதும் பாடாது. அரை நிமிடமாவது சூடேற வேண்டும். ட்யூனிங் காட்டும் பச்சைக் கண் மெல்ல விழிக்கும், பிறகுதான் குரல். அந்தக் காத்திருப்புக்குப் பழகியவர்கள், வீட்டு ஆடியோவில் ஒரு வால்வாவது இருக்கட்டும் என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். எங்கே வைப்பது என்பதில்தான் வழக்கு.

என் ஓட்டு ப்ரீ-ஆம்ப்ளிஃபையருக்கு. அங்கே வேலை வோல்டேஜைப் பெருக்குவது மட்டும். விரல் கனமே உள்ள 12ஏஎக்ஸ்7 வால்வுக்குள் இரண்டு ட்ரையோடுகள். ஒவ்வொன்றின் பெருக்கக் காரணி 100. அலட்டிக்கொள்ளாமல் வருஷக்கணக்கில் உழைக்கும்.

ஸ்பீக்கரைத் தள்ளுவது வேறு கதை. அதற்குக் குறைந்த வோல்டேஜில் நிறைய கரண்ட் வேண்டும். வால்வோ நூற்றுக்கணக்கான வோல்ட்டில் சொற்ப கரண்ட் தருகிற ஜாதி. நடுவே தரகராக அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வந்து உட்காரும்: இரும்பும் செம்புமாய்க் கனம், விலையும் கனம். மிருதங்கத்தின் தொப்பி மழுங்குவது பெரும்பாலும் அங்கேதான். அந்த முரட்டு வேலையை டிரான்சிஸ்டரிடம் விடுவதே சரி.

ஒரு விதிவிலக்கு உண்டு. 300பி என்ற வால்வு தனியாக நின்றால் சுமார் 8 வாட்தான் தரும். ஆனால் நல்ல ஹார்ன் ஸ்பீக்கருக்கு ஒரு வாட்டே கூடத்தை நிறைக்கும். அப்படிக் கேட்டபோது, பாடுபவர் மூச்சிழுப்பதுகூட அருகில் கேட்டது. என் கட்சி கொஞ்சம் ஆடித்தான் போயிற்று.

ப்ரீ-ஆம்ப்ளிஃபையரிலும் ஒரு எச்சரிக்கை: இசைத்தட்டு ஊசியைத் தாங்கும் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜின் அரை மில்லிவோல்ட்டை மட்டும் நேரே வால்விடம் கொடுக்காதீர்கள். பாட்டுக்கு முன்னால் இரைச்சல் வந்து நிற்கும்.