நாளைப்போதலும் இன்றே அமைத்தலும்: நந்தனார் புராணமும் தாராவிப் பிள்ளையார் கோயிலும்

முன்னுரை

இறைநம்பிக்கை துயருற்றோர்க்கு வலிமையும் நிலைபேறும் தருகிறது என்பது பக்தி இலக்கிய ஆய்வுகளில் அடிக்கடி காணப்படும் முடிபாகும். அவ்வலிமை எத்தகையது என்னும் வினா அந்த அளவிற்கு எழுப்பப்படுவதில்லை. துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளச் செய்யும் வலிமையும், துன்பத்திற்குக் காரணமான ஏற்பாட்டை மாற்ற முற்படும் வலிமையும் ஒன்றல்ல. பெரியபுராணத்துத் திருநாளைப்போவார் வரலாற்றையும், மும்பைத் தாராவியில் திருநெல்வேலிப் பகுதித் தமிழர் அமைத்த பிள்ளையார் கோயிலையும் ஒருங்கு நோக்கி இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்த இக்கட்டுரை முற்படுகிறது.

இரு வாயில்கள்

ஆதனூர் நந்தனார் கோயிலுக்குள் நுழைய இயலாதவர். எனினும் பேரிகை முதலிய கருவிகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அளித்துவந்தார் எனச் சேக்கிழார் பாடுகிறார். கருவறையில் கேட்கும் இசைக்கு அவர் உழைப்பு வேண்டும். அவர் உடல் மட்டும் வேண்டாம். இம்முரணைச் சேக்கிழார் விளக்கவில்லை, எனினும் மறைக்கவுமில்லை.

இப்புராணத்தில் இரு தலங்கள் முதன்மை பெறுகின்றன. திருப்புன்கூரில் இறைவனை நேரே காண நந்தனார் விரும்பியபோது, குறுக்கே இருந்த நந்தி விலகுமாறு இறைவன் அருளினார். அங்கே தடை விலகியது, அடியவர் மாறவில்லை. கண்டு மகிழ்ந்த நந்தனார் அவ்வூரில் குளமொன்றும் தோண்டினார். தில்லையில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே தடை அப்படியே நின்றது. அடியவரே தீயில் மூழ்கி, பூணூல் விளங்கும் முனிவர் வடிவில் வெளிவர வேண்டியிருந்தது. இரண்டும் இறைவன் ஆணையே எனினும் இரண்டின் உட்பொருளும் ஒன்றல்ல.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பண்ணையார் என்னும் பாத்திரத்தைப் புகுத்தி, நந்தனாரின் அடிமை நிலையைக் கண்முன் நிறுத்தியது. இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகம் தீக்குளிப்பைச் சூழ்ச்சியின் விளைவாகக் காட்டியது. இவ்வாறு பிற்கால விவாதம் பெரிதும் தில்லைத் தீயைச் சுற்றியே அமைந்தது. திருப்புன்கூர்க் குளம் அதற்குரிய கவனத்தைப் பெறவில்லை எனலாம். நம்பிக்கை ஒருவரை ஏங்கச் செய்வதோடு நில்லாமல் பலருக்கும் பயன்படும் ஒன்றை ஆக்கவும் செய்யும் என்பதற்கு அக்குளமே புராணத்துள் அமைந்த சான்று.

தாராவியில் ஒரு கோயில்

திருநெல்வேலிப் பகுதியிலிருந்து அன்றைய பம்பாய்க்குப் பெயர்ந்த ஆதிதிராவிடரும் தமிழ் முசுலிம்களும் தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் பெருமளவில் ஈடுபட்டனர். நந்தனார் தொட்ட பொருளையே இவர்களும் தொட்டனர் என்பது கருதத்தக்கது. இங்குள்ள ஆதிதிராவிடர் 1913இல் பிள்ளையார் கோயில் ஒன்றை அமைத்தனர். ஆதிதிராவிட மகாசன சங்கம் அக்கோயிலோடு தொடர்புடையது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு நிகழ்ந்தது 1939இல். ஆகவே தாயகத்தின் பெருங்கோயில் கதவு திறப்பதற்கு 26 ஆண்டுகள் முன்னரே இவர்கள் தமக்கெனக் கதவொன்றை அமைத்துக்கொண்டனர்.

மாட்டுங்காவில் 1923இல் தோன்றிய ஆஸ்திக சமாஜமும், செம்பூர் சேடாநகரில் பின்னர் எழுந்த முருகன் கோயிலும் புலம்பெயர்ந்த தென்னிந்தியரின் நம்பிக்கைக்குச் சான்றுகளே. ஆயினும் அவை ஊரில் இருந்த வழிபாட்டு உரிமையின் தொடர்ச்சி. தாராவிக் கோயிலோ ஊரில் இல்லாத உரிமையின் தொடக்கம். தைப்பொங்கலன்று தொண்ணூறு அடிச் சாலையில் பெண்கள் வரிசையாகப் பானையேற்றிப் பொங்கலிடுவது இவ்வுரிமையின் வெளிப்பாடாகும். திருவிழாவை வெளியே நின்று பார்த்தோரின் வழித்தோன்றல்கள் இன்று திருவிழாவை நடத்துகின்றனர்.

மறுப்பும் மதிப்பும்

கோயில் கட்டுவதால் சாதி ஒழியாது என்னும் மறுப்பு வலுவானது. அதே நகரின் தாதரில் வாழ்ந்த அம்பேத்கர் 1956இல் பௌத்தம் தழுவினார். ஆயினும் தீண்டப்படாதோர் குறித்து 1948இல் வெளியிட்ட ஆங்கில நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவர் நினைவுக்கே அவர் உரித்தாக்கினார். மகாராட்டிரத்துச் சோகாமேளரின் சமாதி இன்றும் பண்டரிபுரக் கோயில் வாயிலின் வெளியேதான் உள்ளது. தீண்டாமையை நிலைநிறுத்திய சமயத்தைத் துறந்தவரும் அச்சமயத்துள் தளராது நின்ற அடியவரை மதித்தார் என்பது நம்பிக்கையையும் நிறுவனத்தையும் பிரித்துணர வழிகாட்டுகிறது.

நம்பிக்கை தரும் நிலைபேறு பிறரை விலக்கும் சுவராகவும் மாறக்கூடும். 1992-93ஆம் ஆண்டுகளின் மதக்கலவரம் தாராவியையும் தாக்கியது. தமக்குக் கதவு மறுக்கப்பட்டதை அறிந்தோர் பிறர்க்குக் கதவை மறுக்காதிருத்தலே அந்நிலைபேற்றின் உண்மையான சோதனை எனலாம்.

முடிவுரை

நாளைப்போவார் என்னும் பெயரில் காத்திருத்தலின் துயரம் உள்ளது. தாராவி மக்கள் அந்நாளைக்காகக் காத்திராமல், இறைவனைத் தம் தெருவிற்கே அழைத்துக்கொண்டனர். அவர்கள் நந்தனாரின் பக்தியை ஏற்றனர். தில்லைத் தீயை ஏற்கவில்லை. தில்லைக் காட்சியை மட்டும் கொண்டு நந்தனாரின் நம்பிக்கையை அடங்கிப்போதல் எனக் கூறுவது முழுமையாகாது. திருப்புன்கூரில் குளம் தோண்டிய கையே இங்குக் கோயில் எழுப்பிய கை. அவ்வகையில் தாராவிக் கோயிலைப் பெரியபுராணத்திற்கு மக்கள் எழுதிய உரை எனக் கொள்வது பொருந்தும்.