நீருக்கு மேலால் போகும் குண்டு: ஒரு பழைய டீவி கேமின் மீள்வாசிப்பு

எமது விமர்சனச் சூழல் கவிதையை வாசித்திருக்கிறது, சிறுகதையையும் நாவலையும் வாசித்திருக்கிறது. சினிமாவையும் நாட்டார் பாடல்களையும்கூடப் பிரதிகளாக எடுத்துப் பேசியிருக்கிறது. ஆனால் யுத்த காலத்தில் வளர்ந்த எமது தலைமுறைப் பொடியன்கள் புத்தகத்தைவிட அதிக நேரம் எதன் முன்னால் குந்தியிருந்தார்களோ, அந்த டீவி கேமைப் பற்றி எங்கும் ஒரு பந்திகூட நான் கண்டதில்லை. சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவது இலகு. எமது கிஸ்ஸாக்களும் படைப்போர்களும் இலக்கிய வரலாறுகளில் நீண்டகாலம் அப்படித்தான் ஒதுங்கிக் கிடந்தன.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் காத்தான்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டி சவூதியிலிருந்து மாமா கொண்டுவந்தது. நின்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபெமிலி கொம்பியூட்டரின் பெயரில்லாத நகல் அது. கெசட்டின் மேல் நூற்றுக்கணக்கான விளையாட்டுக்கள் என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பவை இருபதைத் தாண்டாது. மற்றவை அவையே வேறு பெயரில். காக்காவும் நானும் அலுக்காமல் ஆடியது டாங்கி விளையாட்டு. திரையில் அதன் பெயர் ‘டேங்க் 1990’ என்று விழும்.

அண்மையில் அதைக் கணினியில் எமுலேட்டர் மூலம் மறுபடி ஆடினேன். எமுலேட்டர் என்பது ஓர் இயந்திரத்தை இன்னோர் இயந்திரம்போல நடிக்க வைக்கும் மென்பொருள். கெசட்டின் சில்லிலிருந்து பிரதியெடுத்த கோப்பை அது பழைய பெட்டி வாசித்த விதமாகவே வாசித்துக் காட்டும். 1997இல் வந்த நெஸ்டிகிள் தொடக்கம் இன்றைய மெசென் வரை இவ்வேலையைச் செய்பவை பல. எமக்கு இது புதிய அனுபவமல்ல. எங்கள் மூத்தம்மாமாரின் அரபுத் தமிழ்க் கிதாபுகள் தமிழாகவே இருந்தும், அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லாமற் போனபோது பெட்டிக்குள் ஊமையாகிக் கிடந்தன. பிரதி அழியவில்லை, வாசிக்கும் கருவிதான் அழிந்தது. எமுலேட்டர் அந்தக் கருவியைத் திருப்பித் தருகிறது.

திருப்பித் தந்ததும் முதலில் வெளிப்பட்டது பாடபேதம். மூலம் ஜப்பானிய நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட ‘பேட்டில் சிட்டி’. முழு விளையாட்டும் 24 கிலோபைட். இன்றைய கைபேசிப் புகைப்படம் ஒன்று இதைவிடப் பல மடங்கு பெரிது. எங்கள் ‘டேங்க் 1990’ அதை யாரோ திருத்திய திருட்டுப் பதிப்பு. மூலத்தில் நீரைத் தாண்ட எந்த டாங்கியாலும் இயலாது. திருட்டுப் பதிப்பிலோ ஒரு தோணி கிடைக்கும். அதை எடுத்தால் ஆற்றின் மேலால் போகலாம். பிரதி செய்தவன் தன் கற்பனையையும் சேர்த்துவிட்டான். ஏடு பெயர்த்தெழுதியவர்கள் இடையில் செருகிய பாட்டுக்களைப் போன்றது இது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட எமுலேட்டர் இல்லாமல் எனக்கு வழியிருந்திருக்காது.

இனி விளையாட்டுக்கு வருவோம். 13க்கு 13 கட்டங்களுள் ஒரு நகரம். கீழே நடுவில் செங்கல் அடைப்புக்குள் ஒரு கழுகுச் சின்னம். மேலிருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் இருபது எதிரி டாங்கிகள் வரும். கழுகு விழுந்தால் நாம் உயிரோடிருந்தாலும் ஆட்டம் முடிந்தது. சிறுவயதில் இவ்வளவுதான் விளங்கியது. இப்போது மூன்று விதிகள் என்னை நிறுத்தி வைத்தன.

முதலாவது, கழுகை எதிரியின் குண்டு மட்டுமல்ல, எமது குண்டும் அழிக்கும். காவல்காரன் அவசரத்தில் திரும்பிச் சுட்டால் காத்த பொருளே போய்விடும். இரண்டாவது, கூட ஆடுபவர் மேல் எமது குண்டு பட்டால் அவர் சாவதில்லை. சற்று நேரம் அசைய முடியாமல் உறைந்துபோவார். அதற்குள் எதிரி வந்துவிடுவான். மூன்றாவது, டாங்கி போக முடியாத நீருக்கு மேலால் குண்டு தாராளமாகப் போகும்.

வாவிக்கரையில் பிறந்தவனுக்கு இந்த மூன்றாவது விதியை விளக்கத் தேவையில்லை. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கையிலும், எழுவான்கரையின் நகரங்கள் படையினரின் கையிலும் இருந்தன. ஆள் கடக்கச் சோதனைச் சாவடி வேண்டும், ஷெல்லுக்கு அது தேவையில்லை. எங்களைப் பற்றி எதுவும் அறியாத யாரோ ஒரு ஜப்பானியர் எழுதிய விதி எங்கள் வாவிக்கு அப்படியே பொருந்தியிருந்தது.

தலைப்பிலுள்ள ஆண்டையும் கடந்துபோக முடியவில்லை. அந்த எண்ணை வைத்தவருக்கு அது ஒரு புதிய ஆண்டு மட்டுமே. எமக்கு 1990 என்பது ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட ஆண்டு. 12ஆந் திகதி ஏறாவூர். செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சனங்கள். ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களின் வெளியேற்றம். அந்த எண்ணைத் திரையில் பார்த்துக்கொண்டே சிரித்துக் கூச்சலிட்டு ஆடியிருக்கிறோம். ஒருநாளும் உறைக்கவில்லை. பிள்ளைகளுக்கு உறைக்காமற் போனது ரஹ்மத் என்றே நினைக்கிறேன். ஆனால் வளர்ந்த பிறகும் வாசிக்காமல் விட்டது எமது விமர்சனத்தின் குறை.

இதனால் இந்தப் பிரதி குறைகளற்றது என்றாகிவிடாது. நகரம் என்று பெயர். குடியிருக்க ஒருவரும் இல்லை. செங்கல் உடையும், உடைந்த சுவருக்குப் பின்னால் யாருடைய அடுப்பும் தெரியாது. எதிரிக்கு முகமில்லை, பாஷையில்லை. யுத்தத்தைச் சனங்களிலிருந்து பிரித்தெடுத்து வெறும் கணக்காகத் தருவதே இவ்வகை விளையாட்டுக்களின் இன்பம். அந்த இன்பத்தில் நானும் பங்காளி. முதல் இரண்டு விதிகளும் சொல்லாமற் சொல்வதை, அதாவது காவல் என்ற பெயரில் எங்களை நாங்களே அழித்த கதையை, முகங்களோடு சொல்லும் பொறுப்பு இலக்கியத்தினுடையது.

எமுலேட்டரின் மேலும் ஒரு வசதி இங்கு கவனத்துக்குரியது. நினைத்த கணத்தில் ஆட்டத்தைச் சேமித்து, தோற்றால் அதே கணத்துக்குத் திரும்பலாம். இது பிரதியின் பொருளையே மாற்றுகிறது. மூன்று உயிரோடு முடியும் ஆட்டத்தில் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு கனம் உண்டு. திரும்பிப் போக முடியுமென்றால் அந்தக் கனம் போய்விடும். நான் சேமிக்காமலே ஆடினேன், ஓரிடத்தைத் தவிர.

அது நகரத்தை நாமே கட்டும் பகுதி. செங்கல், இரும்பு, நீர், காடு, பனி எல்லாவற்றையும் விரும்பியபடி வைக்கலாம். காக்காவும் நானும் எங்கள் ஊரைக் கட்டுவோம்: ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய தரை. கெசட்டுக்கு ஞாபகம் இல்லை. கரண்ட் போனதும் ஊரும் போய்விடும். இப்போது அதே ஊரைக் கட்டிச் சேமித்து வைத்திருக்கிறேன்.

உரிமைப் பிரச்சினையையும் மறைக்கக் கூடாது. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அக்கடமி படைப்புரிமையை ஷரீஅத் பாதுகாக்கும் உரிமையாக ஏற்றது. எமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. விற்பனைக்கு இருப்பதை வாங்குவதே முறை. ஆனால் அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுக்களில் 87 வீதமானவை சந்தையில் இல்லை என்று 2023இல் வீடியோ கேம் வரலாற்று மன்றம் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. தோணி சேர்த்த அந்தத் திருட்டுப் பதிப்பை எவரும் எக்காலத்திலும் முறைப்படி விற்கப்போவதில்லை. கள்ளப் பிரதியாகவே பிறந்து, எங்கள் பிள்ளைப் பிராயத்தைச் சுமந்திருக்கும் ஒன்றை யார் காப்பது? இக்கேள்விக்கு என்னிடம் முழுப் பதிலில்லை. எமது சட்டத்தரணிகளும் ஆலிம்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து பேச வேண்டியது இது.

நான் சேமித்த ஊரில் கடல் இருக்கிறது, வாவி இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் செங்கல் இருக்கிறது. ஆட்களை வைக்க அந்த விளையாட்டில் கட்டமே இல்லை.