அழுங்கலும் அந்தாதியும்: பாலஸ்திரினா, வீரமாமுனிவர் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

பெங்களூரு சிவாஜிநகரிலுள்ள தூய மரியன்னைப் பேராலயம், செஞ்சிப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்க் கிறித்தவர்களின் சிற்றாலயத்தைத் தோற்றுவாயாகக் கொண்டது. இந்நகரின் தமிழ்க் கத்தோலிக்கர் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நிகழ்த்தும் சிலுவைப்பாதை வழிபாட்டில், மகனை இழந்த மரியாளின் துயர் பாடலாக ஒலிக்கின்றது. இத்துயரைப் பொருளாகக் கொண்ட இரு படைப்புகளின் வடிவத்தை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கின்றது.

இரு குழுக்களின் இசை

சிலுவைப்பாதையின் 14 நிலைகளுக்கிடையே 'ஸ்தாபாத் மாத்தேர்' என்னும் இலத்தீன் பாடலைப் பாடுவது பழைய மரபு. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த இப்பாடல், மூவடிச் செய்யுள்கள் 20 உடையது. முதல் 8 செய்யுள்கள் சிலுவையடியில் நிற்கும் தாயைக் காட்டுவன. 9ஆம் செய்யுள் முதல் பாடுவோன் அவளை விளித்து, அத்துயரில் தனக்கும் பங்கு வேண்டுகின்றான். 16ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தத்தால் திருப்பலி நூலினின்று நீங்கிய இது, 1727இல் மீண்டும் இடம்பெற்றது. நீங்கியிருந்த காலத்திலேயே பாலஸ்திரினா (இ. 1594) இதற்கு எட்டுக் குரல்களில் இசையமைத்தார். நான்கு குரல்கள் கொண்ட குழுக்கள் இரண்டு. ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று தொடுக்கின்றது. உச்சங்களில் இரண்டும் இணைகின்றன. ஒருத்தி தொடங்கப் பிறர் ஏற்றுப் பாடும் நம் ஒப்பாரியை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு புதிதன்று.

அந்தாதியின் பணி

இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் (1680–1747) இத்துயரைப் பாட அந்தாதியைத் தேர்ந்தார். நூற்பெயர் 'அன்னை அழுங்கல் அந்தாதி'. அழுங்கல் என்னும் சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் அரவம், இரக்கம், கேடு ஆகிய பொருள்களைத் தரும். துயரும் அதன் ஒலியும் ஒரு சொல்லில் அடங்குகின்றன. ஒரு செய்யுளின் ஈறு அடுத்ததன் முதலாதல் நினைவுக்கு உதவும் உத்தியென்றே பெரிதும் கூறப்படும். இரங்கற் பொருளில் அது வேறொரு பணியையும் ஆற்றுகின்றது. சொல்லி முடித்த சொல்லையே மீண்டும் எடுத்து அழுவது துயருற்றோர் இயல்பு. அவ்வியல்பே ஈண்டு யாப்பாகின்றது.

வேறுபாடும் உண்டு. இலத்தீன் பாடல் வேண்டுதலாக வளர்ந்து விண்ணக மாட்சியில் நிறைவுறும். அந்தாதி மரபிலோ இறுதி முதலுக்கே திரும்பி மண்டலிக்கும். முன்னது துயரைக் கடந்து செல்லும் வழி; பின்னது துயரைச் சுற்றிவரும் வட்டம்.

முடிவுரை

இலக்கிய வரலாறுகள் தேம்பாவணியை விரித்துரைத்து, இவ்வந்தாதியைப் பெரும்பாலும் பெயரளவிற் சுட்டி அமைகின்றன. பொருள் மேலைநாட்டுத் திருச்சபையினது என்பதால் வடிவமும் இரவல் எனக் கருதுதல் பொருந்தாது. மரியாளின் துயரைத் தமிழ்த்துயராக்கியது அந்தாதி யாப்பே. அழுங்கல் ஒலியுமாதலின், இந்நூலை வாய்விட்டுப் பாடிக் கேட்ட பின்னரே மதிப்பிடல் தகும். தவக்காலத்தில் தமிழ் ஒலிக்கும் பெங்களூரு ஆலயங்கள் அதற்கு ஏற்ற களமாகும்.