சிப்பாயை நம்பியவர், கடிதத்தை நம்பாதவர்

சைலஸ் வெயர் மிச்செல் (1829–1914) பற்றிப் படிக்கப் போனால் ரெண்டு கட்சி இருக்கிறது. மருத்துவர்களுக்கு அவர் அமெரிக்க நரம்பியலின் முன்னோடி. இலக்கிய வாசகர்களுக்கு, ஒரு பெண்ணைப் பேனாவைத் தொடாதே என்று சொன்ன வில்லன். ரெண்டு கட்சியும் பாதி ஆளைத்தான் பார்க்கிறது என்பது என் கருத்து.

முதல் பாதி: அமெரிக்க உள்நாட்டுப் போர், ஃபிலடெல்ஃபியாவின் டர்னர்ஸ் லேன் ராணுவ மருத்துவமனை. கைகால்களுக்கு ஓடும் புற நரம்புகளில் குண்டு பாய்ந்த சிப்பாய்கள் அங்கே வந்தார்கள். மோர்ஹவுஸ், கீன் என்ற இருவருடன் சேர்ந்து 1864-ல் அவர்களைப் பற்றி மிச்செல் ஒரு புத்தகம் போட்டார். காயம் ஆறிய பிறகும் கை தீயாய் எரிகிறது என்கிறார்கள். எந்நேரமும் ஈரத்துணி சுற்றியிருக்கிறார்கள். ஒருவர் பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார். காகிதம் சரசரத்தாலே வலி கூடுகிறது.

'நடிக்கிறான்'னு எழுதி அனுப்புவது சுலபம். இதே மூவரும் நோய்ப் பாசாங்கைக் கண்டுபிடிப்பது பற்றியும் அதே ஆண்டில் எழுதியிருக்கிறார்கள். ஆக, சந்தேகப்படத் தெரிந்தவர்தான் இந்த எரிச்சலை நம்பினார். பின்னாளில் காசால்ஜியா என்று அதற்குப் பெயரும் வைத்தார். 'என் மெஷின்ல ஒழுங்கா ஓடுதே' என்று யூசரின் புகாரை மூடிவிடும் தொழிலில் இருக்கும் எனக்கு, அந்தப் பக்கங்கள் மேல் தனி மரியாதை.

இன்னொன்று. அவர் மகன் ஜான் கியர்ஸ்லி மிச்செல், சுமார் முப்பது வருடம் கழித்து அதே சிப்பாய்களில் சிலரைத் தேடிப்பிடித்து, என்ன ஆனார்கள் என்று 1895-ல் புத்தகமாக்கினார். அப்பாவின் குறிப்புகள் தெளிவாக இருந்ததால்தான் இது முடிந்தது.

இரண்டாம் பாதி: ஓய்வு சிகிச்சை. படுக்கை, நிறைய சாப்பாடு, மசாஜ், மின்சாரம், தனிமை. 1887-ல் ஷார்லட் பெர்கின்ஸ் கில்மன் அவரிடம் போனார். தன் நோயின் வரலாற்றை முழுசாக ஒரு கடிதத்தில் எழுதியே கொண்டுபோனார். அது தற்பெருமைக்குத்தான் அடையாளம் என்று மிச்செல் நினைத்ததாகக் கில்மன் தன் சுயசரிதையில் சொல்கிறார். வீட்டுக்கு அனுப்பும்போது, எழுதவே கூடாது என்ற அறிவுரை. அதிலிருந்து பிறந்ததுதான் 'தி யெல்லோ வால்பேப்பர்' (1892).

'அந்தக் காலம் அப்படி' என்று கடந்துபோக முடியவில்லை. 1885-ல் ஓவன் விஸ்டர் என்ற இளைஞரின் நரம்புத் தளர்ச்சிக்கு இதே மிச்செல் சொன்ன வைத்தியம், மேற்கே வயோமிங்குக்குப் போ என்பது. அவர் போனார், குதிரை ஏறினார், நாட்குறிப்பு எழுதினார், நாவலாசிரியர் ஆனார். திறந்தவெளி வைத்தியமும் மிச்செலுக்குத் தெரிந்துதான் இருந்தது. அது யாருக்கு என்பதில்தான் பிரச்சினை.

இவர் கேட்கத் தெரியாதவர் அல்ல. காகிதச் சத்தம் வலிக்கிறது என்ற சிப்பாயின் வார்த்தை அவருக்குத் தரவாக இருந்தது. கில்மனின் கடிதம் நோய்க்குறியாகிவிட்டது. திறமையின் குறை என்றால் படித்துச் சரிசெய்யலாம். யார் சொல்வது தரவு என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிட்டால், எவ்வளவு கூர்மையான கண்ணும் பிரயோஜனப்படாது. ஓய்வு சிகிச்சையால் தேறியவர்களும் உண்டுதான். ஆனால் தேறாதவர் ஒருவரே எழுதி நீட்டியபோது அவர் வாங்கிப் பார்த்த விதம் இது.

படிக்க விரும்புபவர்களுக்கு: முதலில் 1864 புத்தகம், பிறகு மகனுடையது, அப்புறம் கில்மனின் கதை. மூன்றும் காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்த வரிசையிலேயே படியுங்கள்.